டி.சி. கொடுத்தால் தீருமா? உண்டு உறைவிடப் பள்ளிகளும் போதைப் பழக்கமும்

விடுதிப் பள்ளிகளில் போதை விவகாரம் பெரும்பாலும் ஒரு கடிதத்தில் முடிகிறது. இரவில் அப்பாவுக்குப் போன் போகும். "உங்க பையன் விஷயமா நேர்ல பேசணும், காலையில வந்துடுங்க." அவர் விடியற்காலை பஸ் பிடித்து வந்து, முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்து, உள்ளே போய், சொல்வதையெல்லாம் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார். கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் நீட்டப்படும். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என் மகனை வேறு பள்ளியில் சேர்க்க விரும்புகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மதியத்துக்குள் டிரங்குப் பெட்டி ஆட்டோவில் ஏறிவிடும். டி.சி.யில் நடத்தைக்கான கட்டத்தில் 'நன்று' என்று இருக்கும்.

இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் அப்போதைக்கு ஒரு நிம்மதி. பள்ளியின் பெயர் கெடவில்லை. அப்பாவுக்குப் போலீஸ், பத்திரிகை என்ற பயம் இல்லை. அடுத்த ஊர்ப் பள்ளிக்கு விஷயமே தெரியாது. பையன் மட்டும் எந்த மருத்துவரையும் பார்க்காமல், யாரிடமும் மனம்விட்டுப் பேசாமல், பழக்கத்தையும் அவமானத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறான். பிளஸ் டூவில் நடு ஆண்டு என்றால் இன்னும் மோசம். தேர்வுத் துறைக்குப் பெயர்ப்பட்டியல் போன பிறகு புதிதாகச் சேர்த்துக்கொள்ளும் பள்ளி அரிது.

ஆனாலும் டி.சி.யின் பெரிய சேதம் வெளியே போனவனைவிட உள்ளே இருப்பவர்களுக்குத்தான். ஒரு ஹாலில் 40 கட்டில் இருந்தால், அன்று மாலை 40 பேரும் ஒரு பாடம் படித்துவிடுகிறார்கள்: வார்டனிடம் சொன்னால் நண்பனின் படிப்பு போகும். அதற்குப் பிறகு ஒரு ராத்திரி எவனாவது வாந்தி எடுத்து மயங்கிக் கிடந்தால், பக்கத்துக் கட்டில்காரன் தண்ணீர் தெளித்துப் பார்ப்பான், போர்வையைப் போர்த்துவான், "காலையில சரியாயிடும்" என்று விளக்கை அணைப்பான். விடுதியில் பிள்ளைகள் சாகக்கூடிய வாய்ப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. போதையைக் கையாள்வது குறித்து ஒரு பள்ளி எடுக்கும் எந்த முடிவையும் நான் இந்தப் பக்கத்துக் கட்டில்காரனை வைத்தே எடைபோடுவேன். அவன் வார்டன் கதவைத் தட்டுவானா, மாட்டானா?

சட்டம் டி.சி.க்குத் துணை நிற்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்குப் பாதி அது தவறு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 16-ஆவது பிரிவில், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. 2019-இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டு, ஃபெயில் போடுவதற்கு வழி திறந்தார்கள்; வெளியேற்றத் தடையைத் தொடவில்லை. உதவி பெறாத தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதால், மலைப்பகுதிப் பழைய பள்ளிகள் சில இதற்கு வெளியே நிற்கும். மற்ற இடங்களில் ஏழாம் வகுப்புப் பையனுக்கு டி.சி. கொடுத்து அனுப்புவது சட்டப்படி முடியாத காரியம். அப்பா கையெழுத்திட்ட அந்த வெள்ளைத்தாள் எதற்கு என்று இப்போது புரியும். அது இருக்கும்வரை அது வெளியேற்றம் ஆகாது, பெற்றோர் விருப்பம்.

முதல்வர்களின் இன்னொரு பயம் போலீஸ். 'விஷயம் வெளியே போனால் பள்ளி மீதே கேஸ் வரும்' என்பார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், தன் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தைக் குற்றத்துக்குப் பயன்படுத்த விடுபவருக்குத் தண்டனை உண்டு. ஆனால் 'தெரிந்தே அனுமதித்தால்' என்ற நிபந்தனையோடு. தெரிந்தவுடன் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, பெற்றோரை அழைத்து, எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும் பள்ளியின் நிலை, தெரிந்தும் மூடி மறைத்த பள்ளியின் நிலையைவிடப் பல மடங்கு பத்திரமானது.

பையன் மீது என்ன பாயும்? 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அவரைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 2016-இல் வந்த மாதிரி விதிகளின்படி, குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடுங்குற்றமாகவோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமாகவோ இருந்தாலொழிய எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. பொது நாட்குறிப்பில் பதிந்து, சமூகப் பின்னணி அறிக்கையோடு இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்புவார்கள். கஞ்சா புகைத்ததற்கு அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம். ஒரு கிலோவுக்கு உட்பட்ட 'சிறிய அளவு' வைத்திருந்தால் ஓராண்டு. இரண்டும் அந்த வரம்புக்கு வெகு கீழே. இதற்கும் மேலே, போதைத் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு இருக்கிறது: பயன்படுத்திய குற்றமோ சிறிய அளவு தொடர்பான குற்றமோ சாட்டப்பட்டவர் அடிமையாக இருந்து, அரசோ அரசு அங்கீகரித்த நிலையமோ தரும் சிகிச்சைக்குத் தானாக முன்வந்தால், அவர் மீது வழக்கு நடத்தப்படாது. வயது வந்தவருக்கே இந்த வாசல் திறந்திருக்கிறது.

ஒரு சிக்கலை மறைக்க வேண்டாம். பிளஸ் டூ வகுப்பில் பாதி ஆண்டு கடந்தால் சில மாணவர்களுக்கு 18 முடிந்திருக்கும். ஒரே அறையில் ஒரே பொட்டலத்தோடு பிடிபட்ட இரண்டு நண்பர்களில் ஒருவன் சிறார் வழியிலும் மற்றவன் பெரியவர் வழியிலும் போக வேண்டிவரும். 18 முடிந்தவனோடு சேர்ந்து செய்ததாகிவிடுவதால், சிறுவனுக்கு எஃப்.ஐ.ஆர். இல்லை என்ற விதியின் விலக்கும் அங்கேயே தலைகாட்டும்.

சட்டம் உண்மையிலேயே கடுமையாக இருக்கும் இடம் வேறு. ஒரு சிறாருக்கு மது, போதைப்பொருள், புகையிலை எதைக் கொடுத்தாலும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. சிறாரை வைத்து விற்கவோ கடத்தவோ செய்தால் 78-ஆவது பிரிவில் அதே தண்டனை. பள்ளிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் புகையிலை விற்றால் 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டப்படி அபராதம் 200 ரூபாய். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்ற விதிக்கு இதுதான் பல். ஆனால் அதே கடைக்காரர் அதே பொட்டலத்தை 15 வயதுப் பையன் கையில் கொடுத்தால் 77-ஆவது பிரிவு வந்துவிடுகிறது. எந்தப் பள்ளியும் இந்தப் பிரிவைச் சொல்லிக் கடைக்காரர் மீது புகார் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பையன் மீது பாய்வது சுலபமாக இருக்கிறது போலும்.

சரி, விடுதிக்குள் என்னதான் புழங்குகிறது? பெற்றோர் கஞ்சாவை நினைத்து நடுங்குகிறார்கள். நிஜத்தில் முதலில் நுழைவது புகையிலை. ஹான்ஸ், அதைவிடச் சமீபமாக கூல் லிப். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் சிறு பை அது. புகை இல்லை, வாயில் வைத்தபடி வகுப்பிலேயே உட்காரலாம். பள்ளி மாணவர்களிடம் இது பரவியதைக் கண்டு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நாடு முழுக்க இதை ஏன் தடை செய்யக் கூடாது என்று கேட்டது. தமிழ்நாட்டில் குட்கா வகைகளுக்கு 2013 முதலே தடை. இருந்தும் ஸ்டடி ஹவரில் தூங்காமல் இருக்க ஒன்று என்று பையன்கள் கை மாற்றிக்கொள்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி இரவு பத்தரை வரை உட்கார வைக்கும் பள்ளிகள், நிகோட்டினுக்கு ஒரு வேலையைத் தாமே உருவாக்கிக் கொடுக்கின்றன.

அடுத்தது பசை, தின்னர், வைட்னர். எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஒரே ஒரு வரி: பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை வகை இந்த முகர்பொருள்கள்தான். 10 முதல் 17 வயது வரை 1.17 சதவீதம், பெரியவர்களில் 0.58. மதுவில் சிறார் அளவு 1.3 சதவீதம், கஞ்சாவில் 0.9. பசைக்கு டீலர் வேண்டாம், ஸ்டேஷனரி கடை போதும். விலையும் மலிவு. அரசு விடுதிப் பிள்ளைகளின் கைக்காசுக்கு எட்டுவது அது. வசதியான மலைப்பள்ளிகளில் வேறு உலகம்: விடுமுறை முடிந்து வரும் பெட்டியில் வேப், வெளிநாட்டு மது, வீட்டு மருந்து அலமாரியிலிருந்து தூக்க மாத்திரை. மின் சிகரெட்டை 2019-இல் இந்தியா முழுமையாகத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் அது பேனா அளவிலேயே கிடைப்பதுதான் வார்டன்களுக்குத் தலைவலி. சில ஆண்டுகளாக டேபென்டடால் என்ற வலி நிவாரண மாத்திரையும் தமிழக நகரங்களில் இளைஞர்களிடம் பரவியிருக்கிறது. மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத, அபின் போல வேலை செய்யும் ஓபியாய்டு வகை மருந்து அது.

எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ள உளவாளி வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பார்வையாளர்கள், வீட்டிலிருந்து வந்து போகும் டே ஸ்காலர்கள், அவுட்டிங், பின்பக்கச் சுவர், மெஸ்ஸிலும் கட்டட வேலையிலும் இருக்கும் ஆட்கள். பல இடங்களில் முதல் டம்ளர், ஊரில் மாமா கல்யாணத்திலோ திருவிழாவிலோ உறவினர் கையாலேயே கிடைத்திருக்கும். டாஸ்மாக் கடையில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்ற விதி, அண்ணன் வாங்கிக் கொடுக்கும்போது எதையும் தடுப்பதில்லை.

அவசர நேரத்தில் என்ன செய்வது என்பதை இந்தக் கட்டுரையில் வேறெதையும்விட விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விடுதிகளில் இதைப் பற்றிய மூடநம்பிக்கைகள் ஆபத்தானவை. குடித்து மயங்கியவனை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போவதுதான் பெரிய தவறு. வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கூட ஒருவர் விழித்திருக்க வேண்டும். மோர், எலுமிச்சைச் சாறு, காபி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. பச்சைத்தண்ணீரில் குளிப்பாட்டுவது உடல் வெப்பத்தை இன்னும் இறக்கும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. தட்டியும் கிள்ளியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்குக் கீழே, இரண்டு மூச்சுக்கு இடையே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லிட்டுப் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதல்வரைக் கேட்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். சிறுவர்களுக்கு மதுவால் ரத்தச் சர்க்கரையும் அபாயகரமாக இறங்கும். அதை விடுதி அறையில் வைத்துச் சரி செய்ய முடியாது.

பசை, தின்னர் முகர்ந்தவன் விஷயத்தில் வார்டன்களுக்குச் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. அந்த ஆவிகள் இதயத்தை, பயத்திலும் பதற்றத்திலும் சுரக்கும் அட்ரினலினுக்கு அதீதமாகக் கூருணர்வு கொள்ளச் செய்துவிடும். அந்த நிலையில் திடுக்கிட்டாலோ ஓடினாலோ இதயத் துடிப்பு தாறுமாறாகி, அங்கேயே நின்றுபோகக்கூடும். முதல் முறை முகர்ந்தவனுக்கும் இது நேரலாம். 1970 வாக்கிலேயே மருத்துவ உலகம் பதிவு செய்த மரண வகை இது. கழிவறைக்குப் பின்னால் முகர்ந்துகொண்டிருக்கும் பையனைக் கண்டால் "டேய்!" என்று கத்தித் துரத்துவதுதான் நம் வழக்கம். அதைத்தான் செய்யவே கூடாது. மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, அவன் பதற்றம் அடங்கும்வரை விசாரணையைத் தள்ளிப் போட வேண்டும்.

பக்கத்துக் கட்டில்காரனிடம் திரும்புவோம். அவன் கதவைத் தட்ட வேண்டுமானால் தட்டியதால் எவனுக்கும் டி.சி. வராது என்ற எழுத்துப்பூர்வமான உறுதி வேண்டும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் பலவற்றில், ஆண்டோவரிலுள்ள பிலிப்ஸ் அகாடமி உட்பட, இதற்கென்றே ஒரு விதி உண்டு. தமிழில் அடைக்கல விதி எனலாம். போதையில் ஆபத்திலிருக்கும் மாணவனோ அவனுடைய நண்பனோ, பிடிபடுவதற்கு முன்பே ஒரு பெரியவரை அழைத்தால், அந்தச் சம்பவத்துக்கு ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. உதவி கேட்டவனுக்கும் கிடையாது, உதவி பெற்றவனுக்கும் கிடையாது. அதற்காகச் சும்மா விட்டுவிடுவதும் இல்லை. பள்ளி மருத்துவமனையில் பரிசோதனை, ஆலோசகரோடு தொடர் சந்திப்பு, பெற்றோருக்குத் தகவல் எல்லாம் உண்டு. வார்டன் கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகு "அடைக்கலம்" என்று கூவினால் செல்லாது. விற்பனைக்கும் செல்லாது.

இதைச் சொன்னவுடன் நம் ஊர் தாளாளர்கள் கேட்கும் கேள்வி தெரியும்: "அப்போ குடிக்கச் சொல்லிக் கொடுக்கிறீங்களா?" அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 2002-இல் இதே மாதிரி மருத்துவ மன்னிப்பு விதியைக் கொண்டுவந்து என்ன நடந்தது என்று பார்த்தது. உதவி கேட்டு வந்த அழைப்புகள் கூடின, குடிப்பது கூடவில்லை. பல்கலைக்கழக மாணவர்களையும் 14 வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாக வைக்க முடியாதுதான். ஆனால் எதிர்த்தரப்பிடம் இருப்பது பயம் மட்டுமே.

அடைக்கல விதியைத் தமிழ்நாட்டில் கொண்டுவர ஒரு நுணுக்கத்தைக் கவனித்தாக வேண்டும். ஆலோசகரோ வார்டனோ "நீ என்ன சொன்னாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. சீனியர் ஒருவன் குடிக்கக் கொடுத்துவிட்டுத் தவறாக நடந்துகொண்டான் என்று பேச்சில் வெளிவந்தால், போக்சோ சட்டத்தின்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காமல் இருப்பதே குற்றம். விடுதியில் மதுவும் பாலியல் சுரண்டலும் சில சமயம் ஒரே ஆளிடமிருந்து வரும். ஆகவே வாக்கு இப்படி இருக்கட்டும்: 'உன் உயிருக்கோ உடம்புக்கோ யாராவது ஆபத்து செய்திருந்தால் மட்டும் நான் சொல்லியாக வேண்டும். அதைத் தவிர மற்றது நம்மோடு.' பிள்ளைகள் நேர்மையான நிபந்தனையை ஏற்றுக்கொள்வார்கள். பின்னால் உடைபடும் வாக்கை மன்னிப்பதில்லை.

சிறுநீர்ப் பரிசோதனைக் கிட் வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் நிர்வாகிகளும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1995-இல் அரசுப் பள்ளி விளையாட்டு வீரர்களுக்கும், 2002-இல் மற்ற போட்டி நடவடிக்கைகளில் சேரும் மாணவர்களுக்கும் பரிசோதனை நடத்தலாம் என்று அனுமதித்தது. தனியார் பள்ளிகளுக்கு அந்த அனுமதிகூடத் தேவையில்லை. அப்படித் தாராளமாக நடத்திய நாட்டிலேயே 2003-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, பரிசோதனை நடக்கும் பள்ளிக்கும் நடக்காத பள்ளிக்கும் மாணவர் பயன்பாட்டில் வித்தியாசமே இல்லை என்று கண்டது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பள்ளிகளில் இந்தச் சோதனையைப் பரவலாக நடத்துவதை ஏற்கவில்லை. காரணம் கிட்டின் வேலை முறையிலேயே இருக்கிறது. கஞ்சாவின் தடயம் சிறுநீரில் சில நாட்களும், நெடுநாள் பழகியவரிடம் சில வாரங்களும் தங்கும். மது சில மணி நேரத்தில் போய்விடும். பசையும் தின்னரும் சாதாரணக் கிட்டில் தெரியவே தெரியாது. டேபென்டடாலும் பொதுவான ஓபியேட் பட்டையில் பெரும்பாலும் சிக்காது. ஆக, சோதனைக்குப் பயந்த பையன் எதிலிருந்து எதற்கு மாறுவான் என்று யோசித்துப் பாருங்கள். இருமல் மருந்து குடித்தவனுக்குத் தவறாகப் 'பாசிட்டிவ்' காட்டும் கதை வேறு. மருத்துவர் சொல்லி, பெற்றோர் ஒப்புதலோடு, சிகிச்சையின் பகுதியாகச் செய்யும் சோதனைக்கு அர்த்தம் உண்டு. வரிசையில் நிறுத்தி டப்பாவைக் கையில் கொடுப்பதற்கு இல்லை.

அறைச் சோதனையைப் பற்றிச் சுருக்கமாக: பெட்டி, அலமாரி, மெத்தை பார்க்கலாம், இரண்டு பெரியவர்கள் சேர்ந்து, மாணவன் முன்னிலையில், கண்டெடுத்ததை எழுதி வைத்து. உடையைக் களையச் சொல்வது எந்தக் காரணத்துக்கும் கூடாது. அடிப்பதும், அசெம்பிளியில் நிறுத்தி அவமானப்படுத்துவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடுக்கும் செயல்கள்.

பயன்படுத்தியவனையும் விற்றவனையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். சொல்வது சுலபம். விடுதியில் விற்பவன் என்று தனியாக ஒருவன் இருப்பதில்லை. நான்கு பேர் காசு போட்டு, அவுட்டிங் கிடைத்தவன் வாங்கி வருவான். அவன் 'சப்ளையர்' ஆகிவிடுவான். அவனையும், ஜூனியர்களிடம் லாபம் வைத்து விற்று, மிரட்டிக் காசு பறிக்கும் மாணவனையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. நான் பார்ப்பது இரண்டே கேள்வி: லாபம் இருந்ததா, வயதிலோ பலத்திலோ குறைந்தவர்களைக் குறிவைத்தானா? இரண்டுக்கும் ஆம் என்றால் மற்ற பிள்ளைகளின் பாதுகாப்புக்காக அவனை விடுதியிலிருந்து பிரிக்கத்தான் வேண்டும். அப்போதும் அவனுக்குப் பின்னால் ஒரு பெரியவர் இருப்பார். 78-ஆவது பிரிவு அவருக்காக எழுதப்பட்டது.

மற்றவர்களுக்கு என்ன செய்வது? எல்லோருக்கும் மறுவாழ்வு மையம் தேவையில்லை. இரண்டு முறை புகைத்துப் பார்த்தவனுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து பேசும் சில அமர்வுகள் போதும். பழக்கமாகிவிட்டவனுக்கு மனநல மருத்துவர் தேவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. சென்னையில் 1980 முதல் இயங்கும் டி.டி.ரங்கநாதன் ஆய்வு நிறுவனம் போன்ற அனுபவமுள்ள இடங்களும் உண்டு. தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. தெருமுனைப் பலகையைப் பார்த்து ஏதோ ஒரு 'மையத்தில்' கொண்டுபோய் அடைப்பதைத்தான் தவிர்க்க வேண்டும். கட்டிவைத்து அடிக்கும் மையங்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டில் புதிதல்ல. மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, உள்நோயாளியாகச் சேர்க்கப்படும் சிறாரைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது. தனி இடம் வேண்டும். 16 வயதுப் பையனை நாற்பது வயதுக் குடிநோயாளிகள் நடுவே படுக்க வைக்கும் இடம் என்றால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

திரும்பி வரும் நாள் பற்றி எந்தப் பள்ளியும் யோசிப்பதில்லை. மூன்று வாரம் கழித்து அவன் அதே ஹாலுக்கு, அதே நண்பர்களிடம், அதே பட்டப்பெயரோடு வருகிறான். வேறு பிளாக்கில் கட்டில், வாரம் ஒரு முறை மருத்துவரிடம் போக அனுமதி, விட்டுப்போன பாடத்துக்கு ஒரு ஆசிரியர், எங்கே போயிருந்தான் என்று வகுப்பில் என்ன சொல்வது என்பதை அவனிடமே கேட்டு முடிவு செய்வது. இவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு சறுக்கல் வந்தால் கதை முடிந்தது என்று நினைக்கவும் கூடாது. சறுக்கல் இந்த நோயின் போக்கிலேயே உள்ளது.

தடுப்பு என்றால் நமக்கு ஊர்வலமும் உறுதிமொழியும். போதை எதிர்ப்பு நாளான ஜூன் 26 வந்தால் பேனர் பிடித்து நடப்போம். 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி அமெரிக்கா முழுக்கப் பரவிய, போலீஸ்காரர் வகுப்புக்கு வந்து பாடம் எடுக்கும் டேர் திட்டம்கூட நீடித்த பலன் எதையும் தரவில்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. மாறாக ஐஸ்லாந்து பிள்ளைகளின் மாலை நேரத்தில் கை வைத்தது: விளையாட்டு, இசை, பெற்றோரோடு செலவிடும் நேரம். கடந்த ஒரு மாதத்தில் குடித்து வெறித்திருந்த 15, 16 வயதினர் 1998-இல் 42 சதவீதம், 2016-இல் 5. நாடு சின்னது, பணக்கார நாடு, எல்லாம் உண்மை. ஆனால் விடுதிப் பள்ளியிடம் அந்த நாட்டிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: பிள்ளையின் 24 மணி நேரமும் அதன் கையில். அதில் பதினான்கு மணி நேரத்தைப் பாடப்புத்தகத்துக்குக் கொடுத்துவிட்டு, ஞாயிறு மதியத்தை மட்டும் காலியாக விட்டால் அந்த மதியத்தில் என்ன நடக்கும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

ஆள் பலம் இன்னொரு கேள்வி. ஆதி திராவிடர் நலத் துறை விடுதிகள் சிலவற்றில் காப்பாளர் பகலில் ஆசிரியர், இரவில் காப்பாளர். அவருக்கு உணவுக் கணக்கு எழுதவே நேரம் போதாது. தனியார் பள்ளிகளில் வார்டனாக வருபவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற ராணுவத்தினரோ வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரியோ. ஒழுங்கு தெரியும், மயங்கிக் கிடப்பவனின் மூச்சை எண்ணத் தெரியாது. இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சிக்கு ஆகும் செலவு, நுழைவாயில் ஆர்ச்சுக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இருக்காது. வார்டன் அறையிலிருந்தே சிகரெட் வாசம் வரும் பள்ளிகளும் உண்டு; அங்கே எந்த விதிமுறையும் எடுபடாது.

மே மாதத்தில் அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் மெஸ்ஸைப் பார்ப்பார்கள், பாத்ரூமைப் பார்ப்பார்கள், போன வருஷத்து மதிப்பெண் பலகையைப் படிப்பார்கள். இன்னும் சில கேள்விகளை அவர்கள் கேட்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு என் பிள்ளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வார்டனுக்கு யாருடைய அனுமதி வேண்டும்? உங்களிடம் ஆலோசகர் இருக்கிறாரா, அவரை யாருக்கும் தெரியாமல் என் மகள் போய்ப் பார்க்க முடியுமா? நண்பனைக் காப்பாற்ற ஒருவன் உங்களிடம் ஓடி வந்தால் அந்த இருவருக்கும் என்ன ஆகும், அது உங்கள் விதிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? "எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி பிரச்சினையே கிடையாதுங்க" என்று பதில் வந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு பள்ளியையும் பார்த்துவிட்டு வரலாம்.